உடாத, புடிச்சிக்கோ

எங்க ஊரு ஏரியில இவரு முழுகிச் செத்தாருன்னு சொன்னா இன்னிக்கும் சில பேரு நம்பறதில்ல. "உன் வூட்டுக்காரருக்கு நீச்சல் தெரியாதா இன்னா?"ன்னு கேக்குறாங்க. நல்லாத் தெரியும். அதான் வினையே. தெரியாதவரா இருந்திருந்தா கரையில நின்னு ஐயோ அம்மான்னு கத்திட்டு வூடு வந்து சேர்ந்திருப்பாரு.

சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷன்லேர்ந்து ஒரகடம் கம்பெனிங்களுக்கு ஷேர் ஆட்டோ ஓட்டினாரு. ஆயுத பூஜைக்கு முந்தின நாள் மத்தியானம் வண்டியக் கழுவ ஏரிக்குப் போனோம். வருஷா வருஷம் அங்கதான். வண்டிக்குக் கட்ட நான் சாமந்தி தொடுத்துக்கினு கரையில உக்காந்திருந்தேன். கூட நாலஞ்சு ஆட்டோ, வேடிக்கை பாக்க ஊர்க்காரங்க கொஞ்சம் பேரு. ஷிப்ட் முடிச்ச தெக்கத்திப் பசங்க சில பேரு ஓரமாக் குளிச்சிக்கினு இருந்தாங்க.

அந்த ஏரியில எங்க முழங்கால், எங்க இடுப்புன்னு கண்ண மூடிக்கினு சொல்வாரு இவரு. ஆனா அவருக்குத் தெரிஞ்சது பழைய ஏரி. கம்பெனி மனைங்கள மேடாக்குறதுக்குக் கோடையில லாரி லாரியா மண்ணு வாரி, அடியில ஆளு முழுகுற பள்ளமாப் பண்ணி வச்சிருந்தானுங்க. மழை பேஞ்சு தண்ணி ரொம்பினதும் எல்லாம் ஒரே மட்டமாத் தெரிஞ்சுது. பாழாப்போனவனுங்க, அடையாளத்துக்கு ஒரு குச்சியாவது நட்டானுங்களா?

குளிச்ச பசங்கள்ல ஒருத்தன் நாலடி தள்ளிப் போனான். ஆளக் காணோம். அப்புறம் தலை வந்துச்சு, கை வந்துச்சு. இவரு துடைக்கிற துணியப் போட்டுட்டு ஓடினாரு. "வண்டியில கயிறு கீதுய்யா, அத எடுத்துப் போடு!"ன்னு கத்தினேன். "அங்க இடுப்பளவுதாண்டி"ன்னு திரும்பிப் பாத்துச் சொன்னாரு. எங்கிட்ட அவரு கடைசியாப் பேசினது அதுதான்.

கிட்டப் போனதும் அவருக்கே கால் எட்டல. அந்தப் பையன் அவரு கழுத்தக் கட்டிக்கினான். முழுகுறவன் கைக்கு இன்னா பலம் வரும்னு அன்னிக்குத்தான் பாத்தேன். அவன் தோள் மேல ஏற ஏற, இவரு உள்ள போறாரு. வெளிய வந்து ஒரு மூச்சு வாங்குறாரு, மறுபடியும் உள்ள போறாரு.

அப்பதான் கரையில இருந்தவங்க ஆரம்பிச்சாங்க. எங்க ஊருல கபடின்னா உயிரு. வந்தவன அமுக்கும்போது சுத்தி நிக்கிற அத்தனை பேரும், "புடி, உடாத!"ன்னு கத்துவாங்க. இங்கயும் அதே கத்தல். "புடிச்சிக்கோ தம்பி, உடாத! உடாத!" பையன் பொழைக்கணும்னு நல்ல மனசோடதான் கத்தினாங்க, இல்லன்னு சொல்லல. நான் மட்டும், "உடுடா, அவர உடுடா பாவி!"ன்னு தொண்டை கிழியக் கத்தினேன். அத்தனை பேரு கூச்சல்ல என் ஒருத்தி குரல் எங்க கேக்கும்?

கயிற நானே எடுத்துக்கினு ஓடினேன். பக்கத்து ஆட்டோக்காரர் வாங்கி வீசினாரு. பையன் புடிச்சான், இழுத்தாங்க. அவன் ஒருத்தன்தான் வந்தான்.

தீயணைப்புக்காரங்க வந்து வெளக்கு வைக்கிற நேரத்துக்கு இவர எடுத்தாங்க. மறுநாள் தெருவெல்லாம் பூசணிக்கா ஒடைச்சாங்க. எங்க வண்டி பாதி கழுவினபடியே ஏரிக்கரையில நின்னுச்சு. அப்புறம் போஸ்டர் ஒட்டினாங்க, உயிரக் குடுத்து உயிரக் காத்த தெய்வம்னு. எனக்கு எதுக்கு தெய்வம்? எனக்கு மனுஷன் வேணும்.

காரியமெல்லாம் முடிஞ்சப்புறம் அந்தப் பையன் வந்து வாசல்ல நின்னான். வருவான், நாக்கப் புடுங்கிக்கிற மாதிரி நாலு வார்த்தை கேக்கணும்னு காத்துக்கினு இருந்தேன். முகத்தப் பாத்ததும் பாதி மறந்துபோச்சு. ஆனாலும் கேட்டேன். "உன்னத் தூக்கத்தானேடா வந்தாரு? அவரு கழுத்த உட்டிருந்தா ரெண்டு பேரும் பொழைச்சிருப்பீங்களேடா!"



"விட்டுட்டேம்க்கா," ன்னான். "ஒரு தடவ விட்டுட்டேன். அண்ணன் தண்ணிக்கு மேல வந்துட்டாவ. அப்பந்தான் கரையில எல்லாரும் விடாதன்னு கத்துனாவ. நல்லதுக்குத்தான சொல்லுதாவன்னு திரும்பப் புடிச்சேன்."