சி போனாலும் டி போகாது

போன வாரம் ஒரு பாட்டு சாம்பல் நிறமாகிவிட்டது. மாதாமாதம் காசு கட்டிக் கேட்கிற ஆப்பில், நான் தினமும் சமைக்கும்போது போடுகிற பாட்டு. விரலால் அழுத்தினால் ஓடவில்லை. உங்கள் பகுதியில் இது கிடைக்காது என்று ஒரு வரி வந்தது. என் பகுதி செம்பூர். நேற்று வரைக்கும் செம்பூரில் கிடைத்த பாட்டு இன்று ஏன் கிடைக்காது? கேட்பதற்கு ஆள் இல்லை. ஒரு பொத்தான் இருக்கிறது, அதை அழுத்தினால் எந்திரம் பதில் சொல்கிறது.

எனக்கு ஆத்திரம் வந்தால் பாத்திரம் சத்தம் போடும். என் மகன் ஹெட்போனைக் கழற்றிவிட்டு அடுக்களைக்குள் எட்டிப் பார்த்தான்.

"அம்மா, டென்ஷன் மத் லோ, விடு. வேற வெர்ஷன் இருக்கும், ஸர்ச் பண்ணு."

"எனக்கு வேற வெர்ஷன் வேண்டாம்."

பீரோவைத் திறந்து, சேலைகளுக்கு நடுவில் பழைய துண்டில் சுற்றி வைத்திருந்த ஹார்டு டிஸ்க்கை எடுத்தேன். பையன் தலையில் கை வைத்துக்கொண்டான். "திரும்ப அந்த டப்பாவா? இத பழைய சாமான் வாங்குற பங்கார்வாலாகூட எடைக்கு எடுக்க மாட்டான்மா."

டப்பாவை லேப்டாப்பில் செருகினேன். பாட்டு ஓடியது. நான் எந்தப் பகுதி என்று அது கேட்கவில்லை.

கொஞ்ச நேரம் ஓடிச் சூடேறினால் அதிலிருந்து ஒரு வாசனை வரும். தூசி வறுபடுகிற வாசனை. அது எனக்கு உடனே தாராவி வீட்டைக் கொண்டுவந்துவிடும். அங்கே அதோடு தோல் ஒட்டுகிற பசை வாசனையும் சேர்ந்திருக்கும். அப்பா தோல் பட்டறையில் வேலை பார்த்தார். பத்துக்குப் பத்து அறை, அதில் நான்கு பேர். அப்பா சட்டைக்கு ஓர் ஆணி, அண்ணனுக்கு இரண்டு ஆணி, அம்மாவின் சாமி படத்துக்கு ஓர் ஆணி. எனக்கென்று ஓர் ஆணிகூடக் கிடையாது. என் துணி அம்மாவின் துணிக்கு அடியில் கிடக்கும். இதைப் பரிதாபத்துக்காகச் சொல்லவில்லை. கணக்கு புரியட்டும் என்று சொல்கிறேன்.

அண்ணன் கோர்ஸ் படிக்கப் போகிறேன் என்று ஒரு அசெம்பிள் கம்ப்யூட்டர் வாங்கினான். படிக்கவில்லை. ராத்திரி பகலாகத் திரையில் ஆட்களைச் சுட்டுக்கொண்டிருந்தான். கம்ப்யூட்டரைப் பொருத்த வந்தவன் எங்கள் சந்து முனையில் ரிப்பேர் கடை வைத்திருந்த செல்வம். அவன்தான் அதில் ஃபைல் வைக்கிற இடத்தை இரண்டாகப் பிரித்து, சி, டி என்று காட்டினான்.

"யக்கா, வைரஸ் வந்தா சி-ய மொத்தமா அழிச்சிட்டு புதுசாப் போட்டுருவோம். டி-ல வச்சத ஒருத்தனும் தொட மாட்டான். சி போனாலும் டி போவாது."

அன்றைக்குத் தாராவியே இதை நம்பியது. யார் சிபியூவைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனாலும் முதல் பேச்சு "டி-ல மட்டும் கை வச்சிராதப்பா" என்பதுதான். சி அண்ணனுக்கு என்று விட்டுவிட்டேன். டி-யை நான் எடுத்துக்கொண்டேன். யாரிடமும் கேட்கவில்லை. அந்த வீட்டில் எனக்குச் சொந்தமாக இருந்த ஒரே இடம் அதுதான். அதில் பாட்டுகளை வைத்தேன்.

கள்ளப் பாட்டுதானே என்பாய். ஆமாம். மாஹிம் ஸ்டேஷன் வெளியே நடைபாதையில் வாங்கிய சிடி, சைபர் கஃபேயில் காத்துக் கிடந்து இறக்கியது, எல்லாம்தான். நியாயமான விலைக்கு நியாயமான தமிழ்ப் பாட்டு விற்கிற கடை எங்கள் சந்தில் எங்கே இருந்தது? அதைச் சொல்லிவிட்டு என்னைத் திட்டு.

அப்போது கிங்ஸ் சர்க்கிள் பக்கம் ஓர் ஆடிட்டர் ஆபீசில் எனக்கு டேட்டா என்ட்ரி வேலை. பக்கத்து நாற்காலியில் லலிதா மாமி. பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவிலேயே பிறந்து வளர்ந்தவர். என் பாட்டுகளைப் பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போவார். முதல் தடவை மறுநாள் வந்து சொன்னதை மறக்க மாட்டேன்.

"ஏன்டிம்மா, ஸ்பெல்லிங்காடி இது? கண்ணுல ரத்தம் வரது. டிராக் ஒண்ணு, டிராக் ரெண்டுன்னு வெச்சிண்டு என்ன பண்ணுவே? பாட்டுப் பேர், படத்துப் பேர், பாடினவா பேர் போடு. இல்லேன்னா இது லைப்ரரி இல்லை, குப்பைத்தொட்டி."

ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. பிறகு மூன்று மாதம் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் பேர் போட்டேன். மாமி சொன்னதற்காக இல்லை. அவர் சொன்னது சரி என்பதற்காக.

ஞாயிற்றுக்கிழமை தண்ணீர் பிடித்து முடிந்ததும் எங்கள் சந்துப் பெண்கள் போனிலிருந்து மெமரி கார்டைக் கழற்றிக்கொண்டு வருவார்கள். கடையில் போனால் காசு, நான் சும்மா போட்டுக் கொடுப்பேன். இட்லி விற்கிற பேச்சியக்கா எப்போதும் முதல் ஆள். "ஏட்டி, அழுவுற பாட்டா போட்டுத் தொலைக்காத. அதக் கேட்டா இட்லி வேவ மாட்டேங்கு." அவருக்குக் குத்துப் பாட்டு மட்டும். அடுத்த நாள் காலையில் தலையில் அண்டாவும் இடுப்பில் செருகிய போனில் என் பாட்டுமாகப் போவார்.

நான்கு வருஷம் இப்படி ஓடியது. சி இரண்டு மாதத்துக்கு ஒரு தடவை செத்துப் பிழைக்கும். டி அசையாது. எனக்குத் திமிர்கூட வந்திருந்தது.

ஒரு மழைக்காலக் காலையில் பெட்டிக்குள்ளிருந்து டக் டக் என்று சத்தம் வந்தது. திரை கறுப்பாகவே இருந்தது. செல்வம் வந்து டிஸ்க்கைக் கழற்றிக் காதில் வைத்துப் பார்த்தான்.

"போச்சுக்கா."

"சி-யா?"

"ரெண்டும்."

"டி எப்படில போவும்?"

"ரெண்டும் ஒரே டிஸ்க்குதானக்கா. நடுவுல கோடு மட்டுந்தான் கிழிச்சிருக்கு."

"நீதானல போவாதுன்ன?"

"வைரஸுக்குப் போவாதுன்னேன். டிஸ்க்கே செத்தா நான் என்ன செய்ய?"

எங்கள் பக்கம் ஒரே அறைக்குக் குறுக்கே புடவையைக் கட்டிவிட்டு, இந்தப் பக்கம் அண்ணன் குடும்பம், அந்தப் பக்கம் தம்பி குடும்பம், இரண்டு வீடு என்று சொல்லிக்கொள்வார்கள். கூரை விழுந்தால் எந்த வீடு மிஞ்சும்? அதைத் தினமும் பார்த்து வளர்ந்தவள் நான். எனக்கு இது தோன்றவில்லை பார்.

அண்ணன் சிரித்தான். "பாட்டுதானட்டி போச்சு? நகையா போச்சு?"

"நகை எனக்கு எப்பண்ணே இருந்துச்சு, போறதுக்கு?"

இரண்டு நாள் மூலையில் கிடந்தேன். மூன்றாம் நாள் காலை பேச்சியக்கா சந்தைக் கடந்து போனார். இடுப்பில் குத்துப் பாட்டு கத்திக்கொண்டு போனது. நான் ஏற்றிக் கொடுத்த பாட்டு. உட்கார்ந்திருந்தவள் எழுந்தேன். என் பாட்டு செத்துப்போகவில்லை. ஊர் முழுக்க என் பாட்டுதான் திரிந்துகொண்டிருந்தது.

கார்டு செருகுகிற சின்ன டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். அண்ணன் வாசலை மறித்தான். "வீடு வீடா பிச்ச எடுக்கப் போறியாக்கும்?"

"நான் குடுத்தத நான் வாங்கப் போறேன். வழிய விடு."

விட்டான். செல்வம் கடையில் ஒரு மூலையும் ஒரு புது டிஸ்க்கும் எனக்குத் தர வேண்டியதாயிற்று. அவன் வாய்க்கு அது தண்டனை. மழைக்காலம் முழுக்க ஒவ்வொரு கதவாகத் தட்டி, கார்டை வாங்கி வந்து கடையில் ஏற்றினேன். ஒருவரும் இல்லை என்று சொல்லவில்லை. பாதிப் பாட்டுகள் ரிங்டோனுக்காக வெட்டப்பட்டு முண்டமாக வந்தன. நான் கொடுக்காத பாட்டுகளும் சேர்ந்து வந்தன. ஒரு கார்டில் மராத்தித் தாலாட்டு, இன்னொன்றில் யாரோ குழந்தை அழுகிற சத்தம் ஏழு நிமிஷம். எதையும் அழிக்கவில்லை.

லலிதா மாமி கைப்பையிலிருந்து பென் டிரைவை எடுத்து மேஜையில் வைத்தார். "மெலடி எல்லாம் பத்திரமா இருக்கு. அந்த டம்மு டும்மு பாட்டு மட்டும் நான் வெச்சுக்கலை. அதுல ஒண்ணும் நஷ்டமில்லை, கேட்டியா."

நஷ்டமில்லைதான். அதெல்லாம் பேச்சியக்காவிடம் இருந்தது. மெலடி மாட்டுங்காவிலிருந்தும் குத்து தாராவியிலிருந்தும் வந்து ஒரே டிஸ்க்கில் உட்கார்ந்தன. இந்த டிஸ்க்கை எந்தக் கம்ப்யூட்டருக்குள்ளும் நிரந்தரமாகப் பூட்ட விடவில்லை. தனி டப்பா, தனி ஒயர். "அதுல என் படம் ரெண்டு போட்டுக்கிடட்டா?" என்று அண்ணன் கேட்டான். ஒன்றுகூடக் கூடாது என்றேன். கல்யாணமாகி ஐரோலிக்குப் போனபோதும், அங்கிருந்து செம்பூர் வந்தபோதும் டெம்போவில் ஏற்றவில்லை. மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

போன வாரம் பாட்டு ஓடி முடிந்ததும் பையன் ஒன்று கேட்டான். "ஓகே, ஆப் மோசம். இது போனா?"

கேள்வி சரி. மறுநாளே இரண்டு புது டிஸ்க் வாங்கி எல்லாவற்றையும் நகல் எடுத்தேன். எடுத்த பிறகுதான் உறைத்தது. அன்றைக்கு என்னைக் காப்பாற்றியது டிஸ்க் இல்லை, கதவுகள். அந்தச் சந்தே இப்போது இல்லை. தகரத் தடுப்புக்குப் பின்னால் பள்ளம் தோண்டிக் கிடக்கிறது. பேச்சியக்கா எங்கோ தூரத்தில் பதினோராவது மாடியில் இருக்கிறார். அவர் போனில் கார்டு போடத் துளை இல்லை, பேரன் ஆப் போட்டுக் கொடுத்திருக்கிறான். லலிதா மாமி இறந்து, மாட்டுங்கா வீட்டைப் பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். பென் டிரைவ் எந்தக் குப்பையில் போனதோ.

விடவில்லை. ஒரு டிஸ்க்கை எடுத்துக்கொண்டு எங்கள் பில்டிங்கில் மூன்று தமிழ் வீடுகளின் மணியை அடித்தேன். மூன்று வீட்டிலும் மரியாதையாகத்தான் பேசினார்கள். "ஆண்டி, லிங்க் அனுப்புங்களேன்" என்றார்கள்.

மூன்று டிஸ்க்கும் இப்போது ஒரே பீரோவில் இருக்கின்றன. ஒன்று உனக்கு. வந்து எடுத்துக்கொண்டு போ. லிங்க் கேட்காதே.