நர்ஸம்மா வீட்டுச் சமையலறையை ஏன் இடித்தார்கள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, ஒட்டடை என்று எல்லோரும் கூப்பிடுகிறவர் குழாயைத் திறந்துவிட்டு உருளைக்கிழங்கு கழுவிக்கொண்டிருந்தார். பின்னாலிருந்து மனைவி ஏதோ சொன்னாள். தண்ணீர்ச் சத்தத்தில் ஒரே ஒரு சொல்லின் பாதிதான் அவர் காதுக்கு வந்து சேர்ந்தது: "இடிச்சி..."

"இல்ல, இல்ல. இன்னிக்கு குனிஞ்சுட்டேன்," என்றார் திரும்பாமலே.

அடுப்புக்கு மேலே தொங்கும் சிம்னியில் அவர் நெற்றி அடிக்கடி மோதும். அதைத்தான் விசாரிக்கிறாள் என்று நினைத்தார். அவள் வந்து குழாயை மூடினாள்.

"உங்க தலைய சொல்லல. இந்த கிச்சன சொல்றேன். இடிச்சிட்டு புதுசா பண்ணிடலாம்."

"ஏன்? இதுக்கு என்ன?"

பதில் எங்கேயாவது ஆணியில் தொங்குகிறதா என்று தேடுபவள் போலச் சமையலறையை ஒரு சுற்றுப் பார்த்தாள். "சும்மாதான். பழசாயிடுச்சு இல்ல?" என்று சொல்லிவிட்டு டியூட்டிக்குக் கிளம்பப் போய்விட்டாள்.

பழசாகிவிட்டது என்றால் அவரும்தான் பழசாகிவிட்டார். குழாயைத் திறந்து, கழுவிய உருளைக்கிழங்கையே மறுபடி கழுவினார்.

ஒட்டடை என்ற பெயர் பஸ் டிப்போவில் வந்தது. முழுப்பெயர் ஒட்டடைக்குச்சி. அவ்வளவு உயரம். பஸ்ஸுக்குள் நின்றால் கூரையில் உள்ள சிலந்தி வலையைத் தலையாலேயே துடைத்துவிடுவார். "இவரை ஸீட்ல உக்கார வைக்க முடியாது, மடிச்சுத்தான் வைக்கணும்" என்பார்கள் கண்டக்டர்கள். நாளடைவில் பட்டப்பெயர், பெற்றவர்கள் வைத்த பெயரைத் தின்று ஏப்பம் விட்டுவிட்டது. பாதி ஆயுளை ஓட்டுநர் இருக்கையில் கழித்தார். இன்ஜின் பக்கம் இருந்த காது அதற்குக் கூலியாகப் போயிற்று. மருத்துவப் பரிசோதனையில் காதில் எதையோ மாட்டி, சத்தம் கேட்டால் கையைத் தூக்கச் சொன்னார்கள். இன்னும் ஆரம்பிக்கவில்லை போலிருக்கிறது என்று அவர் பொறுமையாகக் காத்திருந்தார். பரிசோதனை முடிந்தே போயிருந்தது. ஒரு காது அநேகமாகப் பூஜ்யம், மற்றது சுமார். இனி பஸ்ஸைத் தொடக்கூடாது, வேண்டுமானால் அலுவலகத்தில் உட்காரலாம் என்றார்கள். உட்கார்ந்து பழகியவர்தான், ஆனால் ஓடாத ஒன்றின் மேல் உட்கார்ந்து பழக்கமில்லை. வேலையை விட்டு வீட்டுக்கு வந்துவிட்டார்.

மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். தெருவுக்கே நர்ஸம்மா. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் இரட்டை வாளிக் கிணறு மாதிரிதான் குடித்தனம் நடத்தினார்கள். ஒன்று மேலே வரும்போது மற்றொன்று கீழே போகும். நடுவில் எப்படியோ ஒரு மகள் பிறந்து, வளர்ந்து, கல்யாணமாகி வேறு ஊருக்கும் போய்விட்டாள். இப்போது நர்ஸம்மா வார்டுக்கே பொறுப்பாளி. காலையில் போய்ச் சாயங்காலம் வருகிற வேலை. ஒட்டடை வீட்டில் சும்மா இருக்க முடியாமல் அடுப்பைப் பிடித்துக்கொண்டார். சமையல் அவருக்குக் கைவந்தது என்று சொல்ல முடியாது. கைவிட்டது என்றும் சொல்ல முடியாது.

சமையலறை அவள் உயரத்துக்குக் கட்டியது. அவள் அவர் மார்பு வரைதான் வருவாள். அதனால் மேடை அவர் தொடைக்கு வந்தது, அவர் வில்லாக வளைந்து நின்று வெங்காயம் நறுக்குவார். அடுப்பு உள்சுவரை ஒட்டி இருந்தது. சமைக்கிறவர் முதுகு வாசலைப் பார்த்து இருக்கும். ஜன்னலில் ஒரு பழைய மின்விசிறி, பஸ் மேடு ஏறுகிற மாதிரி முனகிக்கொண்டே ஓடும். அந்தச் சத்தம் அவருக்குப் பிடிக்கும். காதுக்கு எட்டுகிற சத்தங்களில் அதுவும் ஒன்று.

அந்த வாரமே மாடி வீட்டு டீச்சர் படிக்கட்டில் அவரை மடக்கினாள்.

"புகை வெளியவே போகலையாமே சார்? அதான் கிச்சன இடிக்கறீங்களாமே? நர்ஸம்மா சொன்னாங்க."

புகையா? சிம்னி ஒரு காகிதத்தைக் காட்டினால் இழுத்து ஒட்டவைத்துக்கொள்ளும். போய்க் காட்டியும் பார்த்தார். இழுத்தது.

மறுநாள் மகள் போனில் சத்தம் போட்டாள். "அம்மாவுக்கு முட்டி வலியாம், கீழ இருக்கற அலமாரிக்கு குனிய முடியலையாம். அதுக்காகத்தான் கிச்சன மாத்தறீங்களாம். ஏம்ப்பா எங்கிட்ட சொல்லல?"

"எனக்கே இப்பதாம்மா தெரியுது."

அன்று சாயங்காலம் பால்கனியில் நின்று மனைவி வருவதைப் பார்த்தார். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படிகளை ஒன்றுவிட்டு ஒன்றாகத் தாண்டி வந்தாள். அந்த முட்டியில் வலி என்றால் வலிக்கே வலித்திருக்கும்.

பிறகு அவள் தச்சரைப் போனில் பிடித்து, "சிங்குக்கு கீழ தண்ணி கசியுதுங்க, மரமெல்லாம் ஊறிப்போச்சு" என்று சொன்னது, கேட்கிற காதில் விழுந்தது. ஒட்டடை சிங்குக்குக் கீழே பழைய செய்தித்தாளை விரித்து வைத்தார். மறுநாள் எடுத்துப் பார்த்தால் அப்பளம் மாதிரி மொறமொறவென்று இருந்தது.

புகையும் இல்லை, முட்டிவலியும் இல்லை, கசிவும் இல்லை. அவருக்குக் கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டதுபோல ஆகிவிட்டது. பொய் சொல்கிறவளாக இருந்தால் பொய் என்று தள்ளிவிடலாம். ஊசி போடும்போதுகூட "வலிக்காது" என்று சொல்லாதவள் அவள். "வலிக்கும், பொறுத்துக்கோ" என்றுதான் சொல்வாள். அப்படிப்பட்டவள் ஏன் ஆளுக்கொரு காரணம் சொல்லிக்கொண்டு திரிகிறாள்? வீட்டை விற்கப் போகிறாளா? மகளோடு போய் இருக்கலாம் என்று யோசனையா? வாய்விட்டுக் கேட்டால் "அதெல்லாம் ஒண்ணுமில்லங்க" என்பாள். அந்த 'ஒண்ணுமில்ல'தான் அவரை இன்னும் குழப்பியது.

யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். அவர் சமைத்துக்கொண்டிருக்கும்போது அவள் வாசலில் வந்து நிற்பாள். உப்பையோ கரண்டியையோ எடுக்கத் தற்செயலாகத் திரும்பினால், நின்றவள் போய்க்கொண்டிருப்பாள். முகம் தொங்கியிருக்கும். பல நாள் கவனித்திருக்கிறார். விஷயம் இதுதான் என்று தோன்றியது: தன் சமையலறையில் இவர் நின்று புழங்குவது அவளுக்குப் பிடிக்கவில்லை. சொல்ல மனசில்லை. இடித்துப் புதிதாகக் கட்டி, தன் இடத்தைத் தானே எடுத்துக்கொள்ளப் பார்க்கிறாள்.

வருத்தமாகத்தான் இருந்தது. ஆனால் விட்டுக்கொடுப்பவர் கெட்டுப்போவதில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

தச்சர் அளவு டேப்போடு வந்தார். குள்ளமான, கலகலப்பான மனிதர். அங்கும் இங்கும் தட்டிப் பார்த்தார். சிங்குக்குக் கீழே தலையை விட்டு, "நல்லாத்தானே இருக்கு?" என்றார். நர்ஸம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பிறகு எழுந்து, "சரி, வீட்டுல சமையல் யாரு? அவங்க உயரத்துக்குத்தான் மேடை போடணும்" என்றார்.

"அவதான்," என்றார் ஒட்டடை.

"அவர்தான்," என்றாள் நர்ஸம்மா, அதே நேரத்தில்.

தச்சர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஒருவர் உச்சி மற்றவர் மார்புக்குத்தான் எட்டியது. "ரெண்டுக்கும் நடுவுல போட்டா ரெண்டு பேருக்கும் ஆகாதே," என்று சிரித்தார்.

நர்ஸம்மா சிரிக்கவில்லை. கணவனை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போய்விட்டாள். அவளுடையதை அவளுக்கே கொடுத்த பிறகும் ஏன் கோபம் என்று ஒட்டடைக்கு விளங்கவில்லை. பழைய காலத்தில் பஸ்ஸில் ஏறுகிறவர்களில் சிலர் சில்லறை கொடுத்தாலும் முறைப்பார்கள், கொடுக்காவிட்டாலும் முறைப்பார்கள் என்று கண்டக்டர் நண்பர் சொல்வது ஞாபகம் வந்தது. தச்சரைத் தனியாகக் கூப்பிட்டு, "அவ உயரத்துக்கே போடுங்க. அடுப்பு அதே இடத்துல இருக்கட்டும், அவளுக்கு பழகின இடம்" என்று சொல்லி அனுப்பினார்.

வேலை ஆரம்பித்தது. பழைய மேடையை உடைத்த சத்தம் அவருக்கே கேட்டது என்றால் தெருவுக்கு எப்படி இருந்திருக்கும்! சமையலறை முழுக்கச் சுண்ணாம்புத் தூசி. மின்விசிறியைக் கழற்றிவிட்டார்கள். அடுப்பைத் தூக்கிக் கூடத்தில், சாப்பாட்டு மேசையின் ஒரு கோடியில் வைத்தார் ஒட்டடை. சிலிண்டர் கீழே. மேசைக்கு ஒரு பக்கம் அவர் நின்று சமைப்பார், எதிர்ப்பக்கம் நாற்காலிகள்.

முதல் நாள் சாயங்காலம் நர்ஸம்மா வேலையிலிருந்து வந்து, வழக்கம்போல் உள்ளே போகாமல், பையை வைத்துவிட்டு எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் முட்டை உடைத்துக்கொண்டிருந்தார்.

"மூணாம் பெட் தாத்தா இன்னிக்கு எழுந்து நடந்துட்டார்," என்றாள்.

"எந்தத் தாத்தா?"

"அவர்தாங்க, இடுப்பு உடைஞ்சு வந்தவர். சொன்னேனே."

"எங்கிட்டயா? எப்ப?"

அவள் அவரை விசித்திரமாகப் பார்த்தாள். பிறகு அந்தத் தாத்தா நடக்கும்போது பக்கத்துக் கட்டில்காரர்கள் கைதட்டியது, அவர் வெட்கப்பட்டது, எல்லாம் சொன்னாள். ஒட்டடை அவள் வாயைப் பார்த்துக்கொண்டே கேட்டார். பார்த்துக்கொண்டு கேட்டால் அவருக்குப் பாதிக்கு மேல் விளங்கும். முட்டை தீய்ந்துபோயிற்று. இருவரும் தீய்ந்ததைச் சுரண்டித் தின்றார்கள்.

அடுத்த நாளும் வந்து உட்கார்ந்தாள். அதற்கடுத்த நாளும். புது டாக்டர் ஒருவனின் கையெழுத்தைப் பற்றி, வார்டில் உடைந்த ஜன்னலைப் பற்றி, தன்னோடு வேலை பார்த்தவள் சொல்லாமல் கொள்ளாமல் வேலையை விட்டதைப் பற்றி. இத்தனை பேசுகிறவளா இவள் என்று ஒட்டடைக்கு ஆச்சரியம். ஒருநாள் கேட்டேவிட்டார்.

"இவ்வளவு நாளா ஏன் இதெல்லாம் எங்கிட்ட சொல்லல நீ?"

நர்ஸம்மா வெங்காயம் நறுக்குவதை நிறுத்தினாள். "சொல்லாமயா? தினமும்தான் சொன்னேன். வந்த உடனே கிச்சன் வாசல்ல நின்னு சொல்வேன். நீங்க திரும்பக்கூட மாட்டீங்க. ஒரு 'ம்' கூட கிடையாது. முதுகதான் காட்டுவீங்க."

"வாசல்ல நின்னா?"

"ஆமா."

"அந்த விசிறி ஓடிட்டிருக்கும்போதா?"

"ஆமாங்க."

ஒட்டடை கரண்டியைக் கீழே வைத்தார். "நீ பேசினியா? நீ வந்து, பாத்துட்டு போறன்னுல்ல நினைச்சேன். நான் சமைக்கிறது உனக்கு புடிக்கலைன்னு நினைச்சேன்."

"எனக்கு ஏன் புடிக்காது? வேலைய விட்டதுல உங்களுக்கு மனசு சரியில்ல, எம்மேல காட்டறீங்கன்னு நான் நினைச்சேன். நான் மட்டும் வேலைக்கு போறேன்னு கோபமோன்னு."

கோபமா! காது போனது அவளுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிச் சீட்டை அவள்தான் படித்துச் சொன்னாள். இருந்தும் விசிறிச் சத்தத்தில் அவருக்குக் கேட்டிருக்காது என்பது ஒரு நர்ஸுக்குத் தோன்றவில்லை. அவருக்கும் தோன்றவில்லை. எத்தனையோ சாயங்காலங்கள் அவள் அந்த வாசலில் நின்று ஒரு முதுகிடம் பேசிவிட்டுப் போயிருக்கிறாள். அந்தப் பேச்செல்லாம் எங்கே போயிற்று என்று அவருக்குத் திகைப்பாக இருந்தது.

"என்னென்ன சொன்ன?"

"ஞாபகமா இருக்கும்? மறந்துபோச்சு." வெங்காயத் தோலை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, "ஆஸ்பத்திரில ஒரு சின்னக் குழந்தை போயிடுச்சு. அன்னிக்கு சொன்னேன்," என்றாள்.

ஒட்டடை மேசையைச் சுற்றி வந்து அவள் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். அடுப்பை அணைக்க மறந்துவிட்டார். அவள்தான் எழுந்து அணைத்தாள்.

பிறகு கேட்டார்: "அதுக்காகத்தான் இடிக்கணும்னியா?"

"தெரியலங்க. அந்த கிச்சன பாத்தாலே என்னவோ மாதிரி இருந்தது. ஏன்னு கேட்டா எனக்கே சொல்லத் தெரியல. புகைன்னு நினைச்சேன். நிஜமாவே அங்க நின்னா நெஞ்சு அடைக்கும். முட்டியும் கனக்கும். தண்ணி கசியற மாதிரியே ஒரு வாசனை." அவள் குழம்பிய முகத்தோடு அவரைப் பார்த்தாள். "எல்லாம் பொய்யா சொன்னேன்?"

"விடு," என்றார் ஒட்டடை.

மறுநாள் தச்சரிடம் போய், அடுப்பை இடம் மாற்ற வேண்டும், சமைக்கிறவர் வாசலைப் பார்த்து நிற்க வேண்டும் என்றார். அதற்குள் சுவரோரமாக, நர்ஸம்மா உயரத்துக்கு, பளபளவென்று மேடை எழும்பியிருந்தது. தச்சர் தலையில் கை வைத்தார்.

"அண்ணே, பழகின இடம்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நாந்தான் சொன்னேன். தப்பா சொன்னேன்."

"இப்ப சமையல் யாரு? அதையாவது நிச்சயமா சொல்லுங்க."

"நான்தான். அவ எதிர்ல உக்காருவா."

"உக்காந்து?"

"பேசுவா."

தச்சருக்கு இது ஒரு காரணமாகவே படவில்லை. ஆனாலும் செய்தார். எழுப்பிய மேடை நறுக்கவும் கழுவவும் அப்படியே நின்றது. நடுவில் அவர் இடுப்புக்குச் சரியாக இன்னொரு மேடை, அதில் அடுப்பு, அந்தப் பக்கம் நர்ஸம்மாவுக்கு உயர நாற்காலி. சிம்னியை அங்கே இழுக்க வழியில்லாமல் போனது. ஜன்னலைப் பெரிதாக்கினார்கள். வதக்குகிற நெடியெல்லாம் இப்போது நேராக அவள் முகத்துக்குத்தான் போகிறது. கண்ணைத் துடைத்துக்கொண்டே பேசுகிறாள். மகள் வந்து பார்த்துவிட்டு, "அம்மாவோட முட்டிக்கு பண்ணீங்கன்னு பாத்தா, கீழ் அலமாரி இன்னும் கீழ போயிருக்கு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். யாரும் அவளுக்கு விளக்கவில்லை. எங்கிருந்து ஆரம்பிப்பது என்று இருவருக்குமே தெரியவில்லை.

காதுக்கு மிஷின் போடச் சொல்லி நர்ஸம்மா நச்சரித்தாள். வேண்டாம் வேண்டாம் என்று இழுத்தடித்துவிட்டு, கடைசியில் போட்டுக்கொண்டார். முதல் நாள் அதை மாட்டிக்கொண்டு எண்ணெயில் வெங்காயத்தைப் போட்டவர் பயந்து ஓரடி பின்னால் நகர்ந்தார்.

"இது எப்பவுமே இப்படித்தான் கத்துமா?"

"ஆமாங்க," என்றாள் நர்ஸம்மா. "கிளறுங்க, தீயப்போகுது."