வாளியில் சுண்ணாம்பு

1988 மார்ச்சில் குணசேகரத்துக்கு வயது முப்பத்தாறு. மனைவி சுசீலாதேவியை டென்மார்க்குக்கு அழைக்க அவர் கொடுத்த விண்ணப்பத்துக்கு வயது பதினாறு மாதம். அந்த நாட்களில் அமைச்சில் தமிழரின் விண்ணப்பங்கள் நிம்மதியாக உறங்கின. தட்டி எழுப்பும் பாவத்தை அங்கே யாரும் செய்யவில்லை.

எழுப்பிப் பார்க்கக்கூடியவர் ஒருவர் இருந்தார். இக்காஸ்டில் குணசேகரம் வாடகைக்கு இருந்த வீட்டின் சொந்தக்காரர், ஓய்வுபெற்ற ஆசிரியர் வெர்னர். அமைச்சுக்கு நல்ல டேனிஷில் ஒரு கடிதம் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். ஆனால் மனிதருக்கு அப்போது வளவில் நின்ற மேப்பிள் மரத்தின்மேல் பித்து. துளையிட்டால் ஒரு பருவத்துக்கு நாற்பது லீற்றர் சாறு வடியும், காய்ச்சினால் ஒரு லீற்றர் இனிப்புப் பாணி மிஞ்சும் என்று சஞ்சிகையில் படித்துவிட்டார். பாணி முதலில், கடிதம் பிறகு.

"நாற்பதுதானோ?" என்று குணசேகரம் சிரித்தார். "எங்கட பனை அதைப் பத்து நாளில தந்திடும். என்னட்டை விடுங்கோ."

ஊரில் மரமேறுபவரைப் படலைக்கு வெளியே நிறுத்திப் பேசிய வீட்டுப் பிள்ளை அவர். கடல் கடந்ததும் அந்தத் தொழிலை மட்டும் எந்தத் தீட்டுமின்றித் தன்னுடையதாக்கிக்கொண்டார்.

அவரோடு ஒரே அறையில் இருந்து நெசவாலைக்குப் போய்வந்த குருசுமுத்து விடவில்லை. வெர்னருக்குப் புரியாத தமிழில் கேட்டான்: "அண்ணை, நீங்கள் கைதடித் தபால் கந்தோரில முத்திரை குத்தினனீங்கள். பனையில எப்ப ஏறினனீங்கள்?"

"பொத்தடா வாயை. நான் பாக்கேல்லையே? முட்டிக்குள்ள சுண்ணாம்பு பூசாட்டி இனிப்புக் கருப்பணி புளிச்சுக் கள்ளாப் போயிடும்."

வெர்னரின் கொட்டிலில் சுவருக்கு அடிக்கிற சுண்ணாம்பு இருந்தது. குணசேகரம் அதைச் சாறு பிடிக்க வைத்திருந்த வாளிக்குள் தாராளமாகப் பூசினார். தண்ணீரே உறைகிற குளிரில் சாறு எப்படிப் புளிக்கும் என்று, இரண்டு சோடிக் காலுறை போட்டிருந்த நிபுணர் யோசிக்கவில்லை.

இரண்டு கிழமையில் இருபத்திரண்டு லீற்றர் சேர்ந்தது. சனிக்கிழமை முழுக்கக் காய்ச்சினார்கள். மிஞ்சியது அரை லீற்றருக்குச் சற்று மேல், சாம்பல் நிறத்தில். வெர்னர் ஒரு கரண்டி எடுத்து நக்கினார். கண் கலங்கியது.

"சுவரை நக்கினமாதிரி இருக்கு," என்றார்.

கடிதமும் கைவிட்டுப் போனது என்று குணசேகரம் முடிவுகட்டினார். இனி மறைத்தும் பயனில்லை. பனையில் ஏறியதே இல்லை, தபால் கந்தோரில் பன்னிரண்டு வருடம் எழுதுவினைஞர் என்று ஒப்புக்கொண்டார்.

வெர்னர் கரண்டியைக் கீழே வைத்தார். "இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே. கடிதத்தை எப்படி அனுப்பினால், கிடைக்கவில்லை என்று அவர்கள் சொல்ல முடியாது?"

"பதிவுத் தபாலில. கையெழுத்து வாங்கித் திரும்பி வாற துண்டோட. ஒருக்காப் போட்டுட்டு இருக்கக் கூடாது, ஒவ்வொரு திங்கட்கிழமையும் போடவேணும்."

"ஓம், இதுதான் அண்ணைக்கு ஏறத் தெரிஞ்ச மரம்," என்றான் குருசுமுத்து.

முதல் கடிதம் அடுத்த திங்களே போனது. மூன்று கிழமையில் பதில் வந்தது: விண்ணப்பம் பரிசீலனையில் உள்ளது. அன்றைக்கும் திங்கள்தான், வெர்னர் நான்காவது கடிதத்தோடு தபால் கந்தோருக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தார். சுசீலாதேவிக்கு அனுமதி கிடைத்தது 1989 செப்ரெம்பரில்.