வெள்ளை எலும்பின் வாசம்

அஃப்சானா நாய் வளர்த்ததில்லை. பேகம்பூரில் அவர்கள் குடியிருக்கும் வீட்டுக்குள் ஒரு நாய் எட்டிப்பார்க்க அம்மா ரம்ஜான் பீவி விடவும் மாட்டாள். ஆனால் நாய்க்கு எதைத் தின்னக் கொடுக்கலாம், எது ஆகாது என்று அவளைப் போல விவரமாகச் சொல்கிறவர்கள் அந்தக் கடைத்தெருவில் வேறு யாரும் இல்லை.

நாகல் நகர் பக்கம் ஈஸ்வரன் நடத்தும் வளர்ப்புப் பிராணிக் கடையில் அவளுக்கு வேலை. விலங்கியல் படித்தவள் என்று கேட்டதும் ஈஸ்வரன் எடுத்துக்கொண்டார். அவள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள்தான். மத்தியானம் கடை காற்று வாங்கும் நேரத்தில் அரசுத் தேர்வுக்குப் படிப்பாள். அது சலித்தால் நாய்த் தீனிப் பாக்கெட்டுகளின் பின்பக்கத்தைப் படிப்பாள். புரியாததைச் செல்போனில் தேடுவாள். அப்படிச் சேர்ந்த படிப்பு அது.

"மிச்சமான பிரியாணி எலும்பத்தான் போடுறேன், அதுக்குன்னு தனியா வாங்கணுமா?" என்று ஒருவர் கேட்பார்.

"வெந்த எலும்பு வேணாண்ணே. சிலாம்பு சிலாம்பா உடையும். குடலக் கிழிச்சிரும்."

"திண்டுக்கல்லுல பொறந்துட்டு பிரியாணி எலும்பு கூடாதுன்னா அது எங்கதாம்மா போகும்?"

"அத நாய்கிட்டதான் கேக்கணும். எங்கிட்ட கேட்டா அவிச்ச கேரட்டு, கொட்டை எடுத்த ஆப்பிளு. திராட்சைய மட்டும் கண்ணுல காட்டிராதீங்க."

"எங்க டாக்டரம்மா சொல்லிட்டா அதுக்கு மேல அப்பீல் கிடையாது," என்று கல்லாவிலிருந்து ஈஸ்வரன் சிரிப்பார். அந்தப் பெயர் அவளுக்குப் பிடித்திருந்தது. வெளியில் காட்டிக்கொள்ள மாட்டாள்.

வீட்டில் நிலைமை வேறு. நத்தத்தில் கோழிக்கடை வைத்திருக்கும் மாமா மகன் தப்ரேஸுக்கு அவளைப் பெண் கேட்டு மாமா வீட்டார் நடையாய் நடந்தார்கள். தப்ரேஸ் நல்லவன். அதுதான் பெரிய சிக்கல். வேண்டாம் என்று சொல்ல அவளிடம் ஒரு காரணமும் இல்லை. தேர்வு எழுத வேண்டும், அதற்கு முன்னால் எங்கும் போக வேண்டாம் என்று மட்டும்தான் தோன்றியது. அத்தா என்று அவள் கூப்பிடும் அப்பா பக்ருதீன்தான் நடுவில் புகுந்து ஒரு முடிவு சொன்னார். "வேலைக்குப் போயிட்டு இருக்குற வரைக்கும் புள்ளைய விடு. வேலை இல்லேன்னு வீட்டுல உக்காந்தா அன்னைக்கே பேசி முடிச்சிரலாம்." அம்மா அதை வாக்காகப் பிடித்துக்கொண்டாள். அன்றிலிருந்து கடையின் ஷட்டர் தூக்கும் சத்தம்தான் அஃப்சானாவுக்கு மூச்சுவிடும் சத்தம்.

வெள்ளை எலும்பு வந்தது அதற்குப் பிறகு. நிஜ எலும்பு இல்லை. மாட்டுத்தோலின் உள்பக்கத்தை உரித்து, வெளுக்க வைத்து, இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டு எலும்பு போலக் காயவைத்தது. பல் அரிக்கும் நாய்கள் மணிக்கணக்கில் கடித்துக்கொண்டிருக்கும். மேலே கோழி மசாலா பூசி, பாக்கெட்டில் கோழிப் படம் போட்டிருந்தது. யார் செய்தது, எங்கே செய்தது என்று ஒரு வரி இல்லை. நாளெல்லாம் அதை அடுக்கிவிட்டு சாயங்காலம் வீட்டுக்கு வந்தாள்.

சாப்பிடத் தட்டை நீட்டியவளின் மணிக்கட்டை அம்மா பிடித்து இழுத்தாள். "அத்தாவோட வேலைச் சட்டையத் தொட்டியா?"

"இல்லையே."

"அப்ப கை ஏன் இப்படி நாறுது? சோப்புப் போட்டுக் கழுவிட்டு வா."

குழாயடியில் நின்று அஃப்சானா தன் கையை மோந்தாள். மேலாகக் கோழி மசாலா. அதற்கு அடியில், அவள் பிறந்ததிலிருந்து அந்த வீட்டில் கூடவே இருக்கும் வாடை. அத்தா தோல் பதனிடும் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டியில் வேலை பார்ப்பவர். தோலில் மயிர் கழல்வதற்காக சுண்ணாம்பும் சல்பைடும் கரைத்த தண்ணீரில் அதை ஊறப் போடுவார்கள். எத்தனை குளித்தாலும் அத்தாவின் விரல் இடுக்கில் அந்த அழுகின முட்டை வாடை தங்கியிருக்கும். அந்தத் தண்ணீர் முழுதாகப் போகும்வரை அலசாத தோல்தான் கடை அலமாரியில் இருக்கிறது.

மறுநாள் காலையில் ஈஸ்வரனிடம் சொன்னாள். "அண்ணே, அந்த எலும்பு சரியா அலசாம வந்திருக்கு. மருந்து வாடை அடிக்குது. துண்டா முழுங்குனா வயித்துலயும் அடைச்சுக்கும்."

ஈஸ்வரன் ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்தார். "கோழி வாசந்தான அடிக்குது?" பிறகு குரலைத் தணித்தார். "இங்க பாரும்மா. இது முருகேசன் போடுற சரக்கு. என் பொண்டாட்டி தம்பி. கொட்டகை போட்டு இப்பத்தான் தொழில்னு ஒண்ணு ஆரம்பிச்சிருக்கான். நான் எடுக்கலைன்னா எனக்கு வீட்டுல வெஞ்சனம் கிடையாது, வெறுஞ்சோறுதான். நல்லா இருக்குன்னு நீ சொல்ல வேணாம். ஒண்ணும் சொல்லாம இரு. அம்புட்டுத்தான் கேக்குறேன்."

அவர் கெட்டவர் இல்லை. தேர்வு நாட்களில் கேட்காமலே லீவு கொடுப்பவர். அஃப்சானா தலையாட்டினாள்.

சும்மா இருப்பது எளிது என்று நினைத்திருந்தாள். ஆனால் அந்த வாரமே ஒருவர் வெள்ளை எலும்பைக் கையில் வைத்துக்கொண்டு, அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, கூட வந்தவரிடம் சொன்னார்: "எடுத்துக்க. ஆகாததுன்னா டாக்டரம்மா வாயத் தொறந்திருக்குமே." இத்தனை நாள் சொன்ன உண்மையெல்லாம் இப்போது இந்தப் பாக்கெட்டை விற்றுக் கொடுத்தது. படித்தது இதற்குத்தானா என்று கேட்டுக்கொண்டாள். வேலையை விட்டுவிட்டு வீட்டில் உட்கார்வதற்குத்தானா என்றும் கேட்டுக்கொண்டாள். இரண்டாவது கேள்விதான் ஒவ்வொரு முறையும் ஜெயித்தது.

ஒரு காலை, பூ மார்க்கெட்டில் மல்லிகையைப் போட்டுவிட்டு, வெறும் கூடையோடு அய்யம்மாள் வந்தாள். ரெட்டியார்சத்திரம் பக்கத்துக்காரி. இந்த மாதிரிக் கடைக்குள் வருவது முதல் தடவை என்பது அவள் செருப்பை வெளியே கழற்றிப் போட்டதிலேயே தெரிந்தது.

"பாப்பா, எங்க தோட்டத்துல ஒரு குட்டி கெடக்கு. பேரு டைகரு. பேருதான் அப்படி, கடிக்கிறது பூராம் சொட்டுநீர் ஓஸு. செடிக்குப் போற தண்ணி வரப்புக்குப் போகுது. எங்க வீட்டுக்காரரு அதத் தூக்கிட்டுப் போயி எங்கயாச்சும் விட்டுட்டு வாரேன்னு நிக்குறாரு. கடிக்கிறதுக்கு வெள்ளை எலும்பு ஒண்ணு இருக்காம்ல?"

அஃப்சானா அலமாரியைக் காட்டினாள். அய்யம்மாள் பாக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "நான் படிக்காதவ. நீ சொல்லு. ஒன் வீட்டு நாய்னா இதக் குடுப்பியா?"

எங்கள் வீட்டில் நாய் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அது பொய்யும் இல்லை. வாய் முந்திக்கொண்டது. "குடுக்க மாட்டேன்."

அப்புறம் தணிந்த குரலில் மளமளவென்று சொன்னாள். "சீனிக்கிழங்க அவிச்சு, விரல் நீளத்துக்கு நறுக்கி, ரெண்டு மூணு நாள் நல்ல வெயில்ல காய வைங்க. தோல் மாதிரி இழுபடும். அதக் கடிக்கட்டும். இல்லேன்னா பெரிய கேரட்டு ஒண்ணு. பக்கத்துல இருந்து பாத்துக்கங்க, முழுசா முழுங்க விட்றாதீங்க."

"கெழங்கா? அது வீட்டுலயே கெடக்குதே தாயி." அய்யம்மாளின் முகம் மலர்ந்தது. போகிறவள் சும்மா போகவில்லை. உள்ளே மீன் தொட்டி கழுவிக்கொண்டிருந்த ஈஸ்வரனைப் பார்த்து, தெருவுக்கே கேட்கும்படி சொன்னாள்: "நல்ல புள்ளைய வேலைக்கு வச்சிருக்கீங்க. வெள்ளை எலும்பு ஆகாதுன்னு வெளிப்படையாச் சொல்லிருச்சு. எந்தக் கடையில இப்படிச் சொல்லுவாக?"

ஈஸ்வரன் திட்டவில்லை. கையைத் துடைத்துக்கொண்டு வந்து, அவளைப் பார்க்காமல் சொன்னார். "நாளைக்கு உங்க அத்தாவ ஒரு எட்டு வரச் சொல்லும்மா."

பக்ருதீன் குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். ஈஸ்வரன் நாற்காலி போட்டார், டீ வாங்கிக் கொடுத்தார். விஷயத்தைச் சொல்லிவிட்டு ஒரு வெள்ளை எலும்பை அவர் கையில் வைத்தார். "நீங்க தோலுலயே கெடக்குறவரு. நீங்களே சொல்லுங்க பாய். இதுல என்ன கொறை?"

அத்தா அதை மூக்கருகே கொண்டுபோனார். அஃப்சானா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கண்ணில் ஒரு நொடி வந்து போனது அவளுக்குப் போதும். அவருக்குத் தெரிந்துவிட்டது.

"நல்லாத்தான் இருக்கு முதலாளி," என்றார் பக்ருதீன். "புள்ளை தெரியாமப் பேசிருச்சு. இனிமே பேசாது. வேலையில இருக்கட்டும்."

"அய்யய்யோ, வேலைய விட்டு யாரு போகச் சொன்னா?" என்றார் ஈஸ்வரன். அவருக்கும் மனசு லேசாகியிருந்தது.

சாயங்காலம் டி.வி.எஸ். வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போது, அத்தா தானாகவே பேசினார். "அந்த உள்தோல் ஜவ்வு எங்க ஷாப்புல இருந்துதான் போகுது. ஓடுற தண்ணியில ஒரு நாள் பூராம் அலசணும். இந்த ஊர்ல அந்த முருகேசன் தண்ணிக்கு எங்க போவான்? ரெண்டு கொடத்துல முக்கி எடுத்திருப்பான்."

"அப்ப ஏன் அத்தா நல்லா இருக்குன்னீங்க?"

வண்டி மேட்டில் முனகி ஏறியது. அவர் திரும்பவில்லை. "நீ வீட்டுல உக்காந்தேன்னா உங்கம்மா வாக்கக் கேக்கும். நான் என்ன சொல்ல?"

கோபப்படக்கூட ஆள் இல்லை. அவளை அடைத்து வைத்திருந்த ஒவ்வொருவரும் அவளுக்கு நல்லது நினைத்துத்தான் ஆளுக்கொரு கதவைச் சாத்தியிருந்தார்கள். அத்தாவின் முதுகில் சோப்பு வாசம் அடித்தது. அதற்கு அடியில் அந்த வாடை.

பத்து நாள் கழித்து, கல்லூரிப் பையன் ஒருவன் வந்தான். புதிதாக நாட்டு நாய்க்குட்டி ஒன்று எடுத்திருக்கிறானாம். செல்போனில் அதன் படத்தைக் காட்டினான். ஒரு காது நிமிர்ந்து, மறு காது மடிந்து, எதையோ பார்த்து வியந்து நின்றது குட்டி. அவன் வெள்ளை எலும்பை எடுத்து மேசையில் வைத்தான்.

"அக்கா, இது சேஃப் தானே?"

கல்லாவில் ஈஸ்வரன் சில்லறை எண்ணுவதை நிறுத்தியது கேட்டது.

அஃப்சானா பாக்கெட்டைப் பிரித்தாள். எதுவும் பேசக் கூடாது என்றுதானே சொன்னார்கள். எலும்பை அவன் பக்கம் நீட்டினாள். "மோந்து பாருங்க தம்பி."

அவன் சிரித்துக்கொண்டே மூக்கைக் கிட்டே கொண்டுவந்தான்.

"இன்னும் நல்லா," என்றாள். "செத்த நேரம் மூச்ச இழுத்துப் பாருங்க. அடியில ஏதாச்சும் தெரியுதா?"

பையன் கண்ணை மூடி, ஆழமாக இழுத்தான். அவன் வீட்டில் யாரும் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றிருக்க மாட்டார்கள். யாருடைய சட்டையையும் தனியாக ஊற வைத்திருக்க மாட்டார்கள்.

"செம வாசம்க்கா," என்றான். "சுட்ட கோழி மாதிரியே இருக்கு. ரெண்டாக் குடுத்துருங்க."