நார்த்தங்காய் ஜாடியில் ஈரக் கரண்டி

அந்த ஜாடியைக் கெடுத்தவன் நான். பழியைச் சுமந்தவள் என் மனைவி சரசு. இருபத்திரண்டு ஆண்டுகளாக யாரிடமும் சொல்லாததை இன்று உங்களிடம் சொல்கிறேன்.

காரமடையில் எங்கள் வீட்டுக் கொல்லையில் ஒரு நார்த்தை மரம். காயைச் சுருளாக நறுக்கி, உப்பு அடைத்து, ஜாடியில் ஊறவைப்போம். பகலில் மொட்டைமாடி வெயில், மாலையில் மறுபடி ஜாடி. ஈரம் படாதவரை ஆண்டுக்கணக்கில் கெடாது. அம்மா இன்னொரு விதியும் வைத்திருந்தார்: வீட்டு விலக்கான பெண் ஜாடியைத் தொடக்கூடாது.

எங்களுக்குத் திருமணமான முதல் ஆண்டு. மில்லுக்கு நேரமாகிவிட்டது. தயிர்ச்சோற்றில் கிடந்த கரண்டியை அப்படியே ஜாடிக்குள் விட்டு இரண்டு துண்டு அள்ளினேன். அவ்வளவுதான்... சில நாளில் மூடியைத் திறந்தால் வெள்ளை வெள்ளையாய்ப் பூசணம்!

அந்த வாரம் சரசு வீட்டு விலக்கு.

“ஏனம்மணி, தீட்டுக் கையில ஜாடியத் தொட்டுப்போட்டயா?” என்றார் அம்மா.

“இல்லீங்கத்தை... நான் அந்தப் பக்கமே போகலீங்க.”

“பின்ன காத்து வந்து தொட்டுதாக்கும்!”

சரசு என்னைப் பார்த்தாள். புருஷன் ஒரு வார்த்தை பேசுவான் என்ற நம்பிக்கை. நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தேன்!

அம்மாவுக்குப் பயந்தேனா? என்னை அவர் ஒன்றும் சொல்லியிருக்க மாட்டார், சிரித்திருப்பார். அதுதான் இன்றும் குடைகிறது... வாயைத் திறக்கச் சோம்பல், வேறென்ன?

அம்மா சொல்லிச் சொல்லியே அவளை நம்பவைத்துவிட்டார். “ஒருவேள தெரியாம தொட்டிருப்பனோ என்னமோங்க” என்றாள் ஒருநாள். நான் செருப்பை மாட்டிக்கொண்டு மில்லுக்குக் கிளம்பினேன்.

அம்மா போய்ச் சேர்ந்து ஒன்பது வருடம். நறுக்குவது சரசு, உப்பிடுவது சரசு. ஜாடிக்குள் மட்டும் அவள் கை போகாது. “ஏனுங்க, வந்து கிளறி உடுங்க” என்பாள். நானும் போய்க் கிளறுகிறேன். இந்த நல்லவன் வேடம் அலுத்துவிட்டது எனக்கு...

போன வாரம் மகள் ஜாடியில் கைவைக்கப் போனாள்.

“வேண்டாங் கண்ணு, அப்பா வரட்டும். ஒருக்கா என் கை பட்டுக் கெட்டுப்போச்சு. நம்ம கை ஆகாது.”

நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அத்தனை ஆண்டும் சேர்ந்து அவள் முகத்தில் எப்படி விழும்? அதை நான் நின்று பார்க்க வேண்டுமே!

மகள் கையை இழுத்துக்கொண்டாள். சரசு கரண்டியை முந்தானையில் ஈரம் போகத் துடைத்து என்னிடம் நீட்டினாள். வாங்கிக்கொண்டேன்.