பிறந்த வருடத்துத் துப்பாக்கிகள்

தேர்தல் அறிவித்துவிட்டால் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும். என்னுடையதைக் கொடுக்கத் தஞ்சாவூர் துப்பாக்கிக் கடைக்குப் போனபோதுதான் அவரைப் பார்த்தேன். திருவையாற்றுப் பக்கத்து விவசாயி. நல்ல உயரம், சட்டைப் பையில் ஒரு பூதக்கண்ணாடி. எந்தத் துப்பாக்கியைக் கண்டாலும் அதில் பொறித்திருக்கும் வருடத்தைப் பார்த்துவிடுவாராம். என்னுடையதையும் வாங்கிப் பார்த்தார்.

“என்னைவிட நாலு வயசு சின்னதுங்க” என்று திருப்பிக் கொடுத்தார்.

அவரிடம் இருந்த இரண்டும் அவர் பிறந்த வருடத்தில் செய்தவை. இரண்டாவதைத் தேடிப் பிடிக்கப் பதினொரு வருடம் ஆனதாம். வாங்கியும் அது சுடவில்லை. தோட்டாவைத் தட்டும் ஊசி உடைந்திருந்தது. அன்று கடைக்காரர் புது ஊசி போட்டு, தோட்டா இல்லாமல் விசையை இழுத்துக் காட்டினார். ‘டிக்’ என்று அடித்தது.

விவசாயி அதை வாங்கித் தானும் ஒருமுறை விசையை இழுத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்: “ஹார்ட் ஆபரேஷன் பண்ணணும்னு டாக்டர் சொல்லி ஆறு மாசமாச்சு. இந்த வயசுல எதுக்குன்னு இருந்துட்டேன். இதுக்கும் என் வயசுதானே. பண்ணிக்கலாம்னு தோணுதுங்க.”

“பண்ணிக்கங்க ஐயா” என்றேன்.

தேர்தல் முடிந்து திரும்ப வாங்கப் போன அன்று அவரும் வந்தார். ஆபரேஷன் முடிந்து மெலிந்திருந்தார். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு படியேறினார். கையெழுத்துப் போட்டதும் கடைக்காரரிடம் கேட்டார்: “அந்த வருஷத்துது இன்னொண்ணு வந்தா சொல்றீங்களா?”

“ஒருத்தருக்கு ரெண்டுதான் ஐயா லைசென்ஸ்.”

“பாக்கறதுக்கு லைசென்ஸ் வேணாமே. எந்த ஊர்ல இருந்தாலும் போயிப் பாத்துட்டு வர்றேன்.”