கட்டி என்று சொன்னாள் அம்மா

தினமும் விடியற்காலையில் கிரிவலப் பாதையில் நடந்து, சோற்றைக் குறைத்து, மூன்று வருஷத்தில் என் எடையில் பாதியை இறக்கினேன். தெருவே அந்தப் பெருமையை அண்ணாமலையாருக்குக் கொடுத்தது. பசியோடு படுத்தவள் நான்.

மிஞ்சியது தோல். அடிவயிற்றிலிருந்து ஈரத் துண்டு மாதிரி தொடைமேல் தொங்கியது. அதை மடித்துக் கட்டிக்கொண்டுதான் வேங்கிக்கால் ஆபீசுக்குப் போவேன். இந்த ஊர் வெயிலில் மடிப்புக்குள் வேர்த்துப் புண்ணாகும், வாடை அடிக்கும். பக்கத்து சீட்டுக்காரி எழுந்து போய் ஜன்னலைத் திறப்பாள், எனக்குப் புரியும். கடைசியில் சென்னைக்குப் போய் அந்தத் தோலை அறுத்தெடுத்துத் தைத்துக்கொண்டு வந்தேன்.

அழகுக்காக மகள் உடம்பில் கத்தி வைத்துக்கொண்டாள் என்று சொல்ல அம்மாவுக்கு வெட்கம். விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், "கர்ப்பப்பையில கட்டிங்க, எடுத்துட்டாங்க" என்றாள். நோய் என்றால் கௌரவம் அவளுக்கு. தையல் இழுத்து நான் குனிந்தே நடந்த நாட்கள் அவை. மறுத்துப் பேசத் தெம்பில்லாமல் விட்டுவிட்டேன்.

ஆறு மாதம் கழித்து அடி அண்ணாமலையிலிருந்து ஒரு வரன் வந்தது. மனைவியை இழந்தவர். போனில் நாலைந்து முறை பேசினோம். முப்பத்தாறு வயதில் முதல்முறையாக எனக்கு ஒருவரைப் பிடித்திருந்தது. இது நடக்க வேண்டும் என்று வெட்கமில்லாமல் ஆசைப்பட்டேன்.

பெண் பார்க்க வந்த அன்று அவருடைய அக்கா காபியைக் குடித்து முடித்துவிட்டு மெதுவாகத்தான் கேட்டார். "கட்டியோட கர்ப்பப்பையையே எடுத்துட்டதா சொல்றாங்க. எங்க தம்பிக்கு ஒரு கொழந்த வேணும்ங்க."

அம்மா தரையைப் பார்த்தாள். உண்மை அவள் வாயால் வரட்டும் என்று காத்திருந்தேன்.

"கட்டியே இல்லீங்க" என்றேன். "உடம்பு எளைச்சதுல தோல் தொங்கிச்சு. அதத்தான் எடுத்தாங்க."

"வெறும் தோலுக்கா ஆப்பரேஷன் பண்ணிக்கினீங்க?" அக்கா தம்பியைத் திரும்பிப் பார்த்தார். போனில் அவ்வளவு பேசிய மனிதர் கைக்குட்டையை மடித்துக்கொண்டிருந்தார். "வீட்ல கலந்துட்டு சொல்றோம்ங்க" என்று எழுந்தார்கள்.

ஒரு வாரம் அவர் என் போனை எடுக்கவில்லை. எட்டாம் நாள் கீரை ஆய்ந்துகொண்டே அம்மா சொன்னாள்:

"கட்டின்னே விட்டிருந்தா, அய்யோ பாவம்னாவது சொல்லிட்டுப் போயிருப்பாங்க."